ஆராய்ச்சியா? அர்ச்சனையா?

அடையாற்றில் குடியிருக்கும் நமது தோழர் ஒருவருடைய பெண், பி.எட். பாஸ் செய்துவிட்டு எம்.எட். என்னும் மேல் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பட்டத்திற்குப் படிப்பவர்கள் ஆராய்ச்சி முறை என்று ஒரு பாடம் படித்துப் பரீட்சை கொடுப்பதோடு, தாங்களே ஓர் ஆராய்ச்சி நடத்தி ஆய்வேடு ஒன்றும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் மாலை அப்பெண் சில காகிதங்களைக் கொண்டுவந்து, “சித்தப்பா, இது இங்கிலீஷில் இருக்கிறது. கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி தமிழ் செய்து கொடுங்கள்” என்று கேட்டாள். நாம் காலேஜ் வாசற்படி மிதித்தவரல்ல. எட்டாவதோடு நிறுத்திவிட்டு, வாசகசாலைகளிலும் கூட்டங்களிலும் எதிராளியின் கேள்விகளாலும் கற்றுக்கொண்டதுதான் நமது படிப்பு. ஆயினும் கேட்பது நம் வீட்டுப் பிள்ளை அல்லவா? வாங்கிப் பார்த்தோம்.

பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுச் சம்மதம், சம்மதம், சம்மதமில்லை, கொஞ்சமும் சம்மதமில்லை என்று நான்கு கட்டங்கள். ஒரு பிள்ளை தன்னைப்பற்றித் தானே என்ன மதிப்பு வைத்திருக்கிறது என்று அளப்பதற்கான கருவியாம் அது. அதாவது, சுயமரியாதையை அளக்கும் படி! நாமும் இத்தனை வருஷமாய் ஊர் ஊராய்ப் போய்ச் சுயமரியாதை, சுயமரியாதை என்று தொண்டை வறளக் கத்துகிறோமே, அதைப் பத்துக் கட்டத்தில் அளந்து எடுத்துவிடலாம் என்கிற சங்கதி நமக்கு அதுவரை தெரியாது.

“இதை யாரம்மா எழுதினது?”

“அமெரிக்காவிலே ரோசன்பர்க் என்கிறவர், சித்தப்பா. 1965இல் வந்தது. நியூயார்க் மாகாணத்து ஹைஸ்கூல் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்துச் செய்தது.”

“இதை வைத்து நீ என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்?”

“ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தன்மதிப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று.”

“ஏம்மா, இன்னும் ஒரு பிள்ளையைக்கூட நீ கேட்கவில்லையே! அதற்குள் எப்படித் தெரிந்தது?”

“கருதுகோளை அப்படித்தான் எழுத வேண்டுமாம். கைடு சொன்னார். போன வருஷத்து அக்காவும் அப்படித்தான் எழுதினாள்.”

எத்தனை பேரைக் கேட்பாய் என்றோம். முந்நூறு என்றாள். ஏன் முந்நூறு என்றோம். எல்லோரும் முந்நூறுதான் என்றாள். எந்தப் பள்ளி என்றோம். அவளுடைய அத்தை ஹெட்மிஸ்டிரசாக இருக்கும் பள்ளியாம். கேட்கும்போது வகுப்பில் யார் இருப்பார்கள் என்றோம். வகுப்பு ஆசிரியர் இருப்பார், இல்லாவிட்டால் பிள்ளைகள் சத்தம் போடும் என்றாள். பிரம்பு இருந்த காலம் போய்விட்டது என்றாலும், எதிரே வாத்தியார் நிற்கும்போது ‘எனக்கு என்மேல் மதிப்பில்லை’ என்கிற கட்டத்தில் எந்தப் பிள்ளை டிக்குப் போடும்?

தோழர்களே! இதில் அப்பெண்ணின்மேல் குற்றம் ஏதுமில்லை. காலையில் ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் இடிபட்டு, சம்பளமும் கட்டிப் படிக்கிறவள் அவள். அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவருக்கும் அவருடைய கைடு அப்படியே சொல்லிக் கொடுத்திருப்பார். பாட்டன் செய்தான், அப்பன் செய்தான், ஆகையால் நானும் செய்கிறேன் என்கிற சங்கதி கோவிலிலும் திவசத்திலும் மட்டுந்தான் இருக்கிறது என்று நாம் இதுவரை எண்ணியிருந்தோம். அது ஆராய்ச்சி என்கிற பேரிலேயே காலேஜுக்குள் குடிபுகுந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கோவிலில் அர்ச்சனைக்குப் போகிறவன் தேங்காய், பழம், வெற்றிலை, சூடம் வைத்த தட்டை வாங்கிக்கொண்டு பேரும் நட்சத்திரமும் சொல்லுகிறான். பேரும் நட்சத்திரமும் மாறும், மந்திரம் மாறாது. ஆய்வேட்டுத் தட்டும் அப்படியே. முதல் அத்தியாயம் முன்னுரை, இரண்டாவது பிறர் செய்த ஆராய்ச்சிகளின் பட்டியல், மூன்றாவது முறை, நான்காவது கணக்கு, ஐந்தாவது முடிவும் சிபார்சும். சேலம் என்கிற இடத்தில் செங்கற்பட்டு, ஒன்பதாம் வகுப்பு என்கிற இடத்தில் பதினொன்றாம் வகுப்பு, தன்மதிப்பு என்கிற இடத்தில் மனப்பான்மை. கணக்கையும் தானே போட வேண்டுமென்பதில்லை. கூலி வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க ஆள் கிடைக்கும். பிறகு பைண்டிங், பொன்னெழுத்து, வாய்மொழித் தேர்வு, அலமாரி.

இந்த அர்ச்சனையில் மூலமந்திரம் ஒன்று உண்டு. அதன் பேர் புள்ளி பூஜ்யம் ஐந்து. கணக்கில் வந்த எண் அதற்குக் கீழே இருந்தால் வித்தியாசம் உண்டு என்றும், மேலே இருந்தால் இல்லை என்றும் தீர்ப்பு. ராகு காலத்திற்கு ஒரு நிமிஷம் முந்தினால் சுபம், ஒரு நிமிஷம் பிந்தினால் அசுபம் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? பிஷர் என்னும் இங்கிலீஷ்காரர் 1925இல் தமது புள்ளியியல் புத்தகத்தில் இருபதில் ஒன்று என்கிற அளவைச் சௌகரியமான எல்லை என்றுதான் வைத்தார். வேதவாக்கு என்று வைக்கவில்லை. அதன் பொருளும் சாதாரணமானதே. உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்திலும், தற்செயலாகவே இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதற்கு மேற்பட்டதோ தென்படுவது இருபது தடவைக்கு ஒரு தடவைக்கும் குறைவு என்பதே அது. அப்படியானால், வித்தியாசமே இல்லாத இருபது சங்கதிகளை ஒருவர் அலசினால் ஒன்று சும்மாவே ‘உண்டு’ என்று விழக்கூடும் அல்லவா? ஆண்-பெண், நகரம்-கிராமம், தாய் படித்தவள்-படிக்காதவள், கூட்டுக் குடும்பம்-தனிக் குடும்பம் என்று இருபது அட்டவணை போட்டு, அகப்பட்ட ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்களே, அது கண்டுபிடிப்பா, லாட்டரியா? அன்றியும் வித்தியாசம் அகப்படவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றாகிவிடுமா? இருட்டறையில் தேடிச் சாவி அகப்படவில்லையென்றால் வீட்டில் சாவியே இல்லை என்பார்களா? அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தாரே 2016இல், இந்த ஒரு எண் எல்லையைத் தாண்டிற்றா இல்லையா என்பதை மாத்திரம் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்றும், அந்த எண் ஒரு சங்கதியின் முக்கியத்தை அளப்பதல்ல என்றும் அறிக்கை விட்டார்கள். நம் ஊர் அர்ச்சகர்கள் காதில் அது இன்னும் விழவில்லை போலும்.

இதனால் நாம் கணக்கையே குறை சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். எம்.எட். பிள்ளைகள் நெட்டுருப் போடுகிற டி-சோதனை எங்கே பிறந்தது தெரியுமா? டப்ளின் நகரத்தில் கின்னஸ் என்னும் பீர் காய்ச்சும் கம்பெனியில் பிறந்தது! அங்கே வேலை பார்த்த காசட் என்பவருக்குச் சொற்ப மாதிரிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு சரக்கின் தரத்தை முடிவு செய்யவேண்டிய அவசியம் இருந்தது. அதற்காக ஒரு வழி கண்டு 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்கிற புனைபேரில் வெளியிட்டார். (மதுவிலக்குப் பேசும் உபாத்தியாயர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அவருக்குக் கேள்வி முந்தி வந்தது, கருவி பிந்தி வந்தது. நம் பிள்ளைகளுக்கோ கருவியை முந்திக் கையில் கொடுத்து, இதற்கு ஒரு கேள்வி தேடிக்கொண்டு வா என்கிறார்கள்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. இரண்டாண்டுப் படிப்பாக எம்.எட். நீட்டப்பட்டது. எம்.பில். பட்டம் 2022இல் நிறுத்தப்பட்டது. ஆய்வேட்டில் எவ்வளவு காப்பி அடித்திருக்கிறது என்று பார்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி செய்து, நூற்றுக்குப் பத்து வரை ஒற்றுமை இருந்தால் தண்டனையில்லை, அறுபதுக்கு மேல் போனால் பதிவே ரத்து என்றது. நல்லதுதான். ஆனால் பிறர் வாக்கியத்தைத் திருடியதைப் பிடிக்க யந்திரம் இருக்கிறது; கேள்வியே இல்லாமல் எழுதியதைப் பிடிக்க எந்த யந்திரம் இருக்கிறது?

அது நிற்க. ஆராய்ச்சி முறை என்றால் பின்னே என்னதான் என்று அப்பெண் கேட்டாள். அதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை, அவள் குடியிருக்கும் அடையாற்றிலேயே பார்க்கலாம் என்றோம். 1894இல் கர்னல் ஆல்காட் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி வைத்தது இங்கே. கல்வியிலும் பொருளாதாரத்திலும் பேர்போன மால்கம் ஆதிசேஷையா 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தியதும் இங்கேதான், காந்தி நகரில். 1939இல் இத்தாலிய டாக்டர் மாண்டிசோரி அம்மாள் வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியதும் இங்கே. அந்த அம்மாள் 1907இல் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த சான் லோரென்சோ என்னும் பகுதியில், பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் எதைத் தாங்களே எடுக்கிறார்கள், எதைத் தூக்கிப் போடுகிறார்கள், எவ்வளவு நேரம் ஒன்றில் லயித்திருக்கிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொண்டார். அவர் முடிவுகள் எல்லாம் சரி என்று சாட்சி சொல்ல நாம் வரவில்லை. அவர் பேரே இன்று ஒரு பக்தியாகி, ஏழைகள் எட்டிப் பார்க்க முடியாத சம்பளம் வாங்கும் பள்ளிகளின் பலகையில் தொங்குகிறது. ஆனால் அவர் முதலில் செய்தது பார்ப்பது. அப்பெண்ணோ தன் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பிள்ளைகள் எந்த நாட்களில் பள்ளிக்கு வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கும்படி அவளுக்கு யாரும் சொல்லவுமில்லை.

எண்களை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு சரித்திரத்தையும் சொன்னோம். அதை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம். ஏனெனில் அதில் நம்முடைய தலையும் உருளுகிறது.

சென்னை மாகாண கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822இல் எல்லா ஜில்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டு, பள்ளிக்கூடங்கள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, எந்த எந்த ஜாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கணக்குக் கேட்டார். கலெக்டர்கள் அனுப்பியதை எல்லாம் கூட்டி 1826இல் குறிப்பு எழுதினார். ஜனத்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, படிப்பவர் 1,88,650. இதில் பெண்கள் 4,540 பேர்.

இந்த எண்கள் ஏட்டில் கிடந்தன. 1931 அக்டோபர் 20இல் காந்தியார் லண்டனில் பேசும்போது, ஐம்பது, நூறு வருஷத்திற்கு முன் இருந்ததைவிட இந்தியாவில் இன்று எழுத்தறிவு குறைந்துவிட்டது, அழகான மரத்தை வெள்ளைக்காரன் வேரோடு கெடுத்தான் என்ற கருத்தில் பேசினார். டாக்கா யூனிவர்சிட்டியில் வைஸ் சான்சலராயிருந்த சர் பிலிப் ஹார்ட்டாக் என்பவர், ‘அதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்டார். பல வருஷம் கடிதப் போக்குவரத்து நடந்தது. ஹார்ட்டாக் 1939இல் தம் கட்சியைப் புத்தகமாகவே போட்டார். ஹார்ட்டாக்குக்கும் வெள்ளைக்கார ஆட்சியைக் காப்பாற்றும் கவலை உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஆதாரம் கேட்டது குற்றமா? மகாத்மா சொன்னால் ஆதாரம் வேண்டாமா? பிறகு 1983இல் தரம்பால் என்பவர் மன்றோவின் கணக்குகளைத் தேடி எடுத்து, காந்தியார் சொன்ன அந்த அழகான மரத்தின் பேரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில், தமிழ் ஜில்லாப் பள்ளிகளில் பார்ப்பனப் பிள்ளைகளைவிடச் ‘சூத்திரர்’ என்று எழுதப்பட்ட பிள்ளைகளே அதிகம் என்று அட்டவணையைக் காட்டினார்.

இப்போது நம் தலை உருளும் இடம் வருகிறது. ‘அந்தக் காலத்தில் நம்மவர் ஒருவர்கூட எழுத்து வாசனை அறியவில்லை, பார்ப்பனர் மாத்திரமே படித்தனர்’ என்று நாமே எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, மேற்படி அட்டவணையைச் சொல்லி, ‘இதற்கு என்ன சொல்லுகிறீர்?’ என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. ஏதோ சமாளித்துப் பேசி உட்கார்ந்தோம். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அப்புறம்தான் அக்கணக்கைத் தேடிப் படித்தோம். நாம் மேடையில் சொன்னது தப்பு. அதை இங்கே அச்சிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். அதற்கென்ன வெட்கம்? ஆதாரம் வந்தபின் மாற்றிக்கொள்ளாதவன் பகுத்தறிவுவாதி என்று சொல்லிக்கொள்ள யோக்கியதை உடையவனா?

ஆனால் அதே கணக்கு அந்தப் பெரியவரையும் விடவில்லை. எப்படியெனில், 1,88,650ஐ 1,28,50,941 ஜனங்களுக்குப் பங்கிட்டால் சுமார் 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார் என்று ஆகிறது. பெண்கள், படிப்பவரில் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அழகான மரம்தான்; நிழல் மட்டும் எல்லார்மேலும் விழவில்லை. ‘சூத்திரர்’ என்று ஒரே கட்டத்தில் எழுதினார்களே, அதில் நிலமுள்ள வேளாளரும் அவருக்கு ஏர் ஓட்டியவரும் ஒன்றாய் அடங்கினால், படித்தது யார் பிள்ளை என்று எப்படித் தெரியும்? ‘மற்ற ஜாதிகள்’ என்கிற கட்டத்தில் சேரிப் பிள்ளை ஒன்றாவது இருந்ததா என்று அந்தக் கட்டத்தை மாத்திரம் பார்த்தால் விளங்குமா? பள்ளியில் ஒரு ஜாதி எத்தனை பேர் என்பதை, ஊரில் அந்த ஜாதி எத்தனை பேர் என்பதோடு வைத்துப் பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்? அப்படிப் பார்க்கும்போது பார்ப்பனப் பிள்ளைகள் தங்கள் ஜனத்தொகைப் பங்குக்குப் பல மடங்கு இருந்தார்கள். வேதம், சாஸ்திரம் முதலிய மேல் படிப்போ பெரும்பாலும் அவர்கள் கையிலேயே இருந்தது.

கணக்குக் கேட்ட மன்றோவே அதை அப்படியே விழுங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே படிப்பவர் 26,963 பேர் என்று எழுதி வந்தது. பள்ளியில் படிப்பவரைப்போல் அது ஐந்து மடங்கு. மன்றோ அதைப் பார்த்து, இதில் பிழை இருக்கலாம் என்று குறித்தார். தன் கீழ் உத்தியோகஸ்தன் அனுப்பிய எண்ணையே சந்தேகித்தான் அந்தப் பட்டாளத்துக்காரன். முந்நூறு காகிதத்தில் பிள்ளைகள் போட்ட டிக்கை ஒரு நிமிஷமாவது சந்தேகிக்கும்படி நம் எம்.எட். வகுப்பில் யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா?

இதெல்லாம் ஏட்டுச் சண்டை, வயிற்றுக்கு உதவாது என்று சிலர் சொல்லுவார்கள். அவர்களுக்கு 1953ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறோம். ஆச்சாரியார் முதன்மந்திரியாயிருந்து, கிராமப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரமே படிப்பு, மீதி நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். நாடு கொதித்தது. சட்டசபையில் எதிர்ப்புக் கிளம்பிய பிறகே பருலேகர் என்பவர் தலைமையில் ஆராயக் கமிட்டி போட்டார்கள். முதலில் அமல், அப்புறம் ஆராய்ச்சி! அந்தக் கமிட்டியும் திட்டம் நல்லது என்றே சொல்லிற்று. 1954இல் காமராசர் முதன்மந்திரியானபின் திட்டம் ஒழிந்தது. ஒழித்தது ஜனங்களுடைய கிளர்ச்சியே தவிர, எந்த ஆய்வேடும் அல்ல. நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் படித்த பிள்ளை எவ்வளவு கற்றது, வண்ணான் பிள்ளையும் குயவன் பிள்ளையும் மீதி நேரத்தில் உண்மையில் என்ன செய்தார்கள், மறு வருஷம் பள்ளிக்கு வந்தவர் யார், நின்றவர் யார் என்று நூறு கிராமத்தில் யாராவது அப்போதே நேரில் போய் எண்ணி வைத்திருந்தால், மேடையில் நமக்கு எவ்வளவு பலமாயிருந்திருக்கும்! நாளைக்கு இன்னொரு திட்டம் வேறு வேஷத்தில் வந்தால் எண்ணிக் காட்ட யார் இருக்கிறார்கள்? எம்.எட். படித்தவர்கள்தானே நாளைக்கு ஆசிரியர்களுக்கு ஆசிரியராகப் போகிறவர்கள்? அவர்கள் கையில் நியூயார்க் கட்டங்கள் மாத்திரம் இருந்தால் குப்பத்துப் பிள்ளை பக்கத்தில் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

இவ்வளவும் கேட்டுவிட்டு அப்பெண் பத்து வாக்கியங்களையும் தமிழ் செய்து வாங்கிக்கொண்டுதான் போனாள். பட்டம் வேண்டுமே! ஆனால் மறு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அதில் அவளே எழுதிய கேள்விகள் இருந்தன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பக்கம் கொடுத்தால் தடங்கலின்றி வாசிக்கிறதா? வாசிக்காத பிள்ளை எந்த மாதங்களில் அதிகமாய் வராமலிருந்தது? அந்த மாதங்களில் வீட்டில் என்ன வேலை? வாத்தியார் இல்லாத இடத்தில், பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தாயையும் வைத்துக்கொண்டு கேட்கப் போவதாகச் சொன்னாள். “எத்தனை வீடு?” என்றோம். “தெரியவில்லை சித்தப்பா. முதலில் குப்பத்தில் மொத்தம் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று எண்ணிவிட்டுச் சொல்லுகிறேன்” என்றாள். கேட்க நமக்கு எவ்வளவு சந்தோஷம்!

நோட்டைக் கைடிடம் காட்டினாளாம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில் டூல் எங்கே? ஸ்கேல் எங்கே? இதை எந்த அத்தியாயத்தில் வைப்பாய்?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஆய்வேடு பழைய தட்டிலேயே போயிற்று. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று முடிவாயிற்று. அவளுக்கு முதல் வகுப்பு.

எந்தக் காலேஜ், எந்தக் கைடு என்று நாம் எழுதப் போவதில்லை. எழுதினால் பிள்ளையின் பிழைப்பில் மண் விழும். அன்றியும் ஒருவரைப் பிடித்து ஏசுவதால் பயனுமில்லை. ஆனால் கல்வி ஆராய்ச்சி முறை போதிக்கும் புரொபசர்களில் யாராவது, மேற்படி நோட்டில் உள்ள கேள்விகள் ஏன் ஆராய்ச்சி ஆகாது என்றும், அத்தை பள்ளியில் வாத்தியார் எதிரே வாங்கிய முந்நூறு டிக்கு ஏன் ஆராய்ச்சி ஆகும் என்றும் காரணத்தோடு எழுதி அனுப்பினால், ஒரு எழுத்தும் குறைக்காமல் அடுத்த வாரமே இதே பக்கத்தில் வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுகிறோம். அப்பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள்.